கூட்டுக் குதிரைப் பயணத்துக்கு முதல்முறை போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறீர்கள். ஊரில் இருந்தவரை கொடைக்கானல் ஏரிக்கரையில், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்கச் சவாரி செய்ததோடு சரி. இங்கே வந்த பிறகு சில மாதங்களாக வாரம் ஒருமுறை முறையாகக் குதிரையேற்றம் கற்கிறீர்கள். அலுவலகத் தோழி ஒருவர் ஆகஸ்டில் சியரா நெவாடா மலைக்குக் குழுவாகக் குதிரையில் போய் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்க அழைத்திருக்கிறார். தன்னுடைய இரண்டாவது குதிரையை உங்களுக்குத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். "யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது, அதற்கு என்னென்ன நாகரிகங்கள் தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றியது. இந்தப் பயணத்துக்கு நான் போகலாமா என்பதுதான் அது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, இங்கே பல ஆண்டுகளாகக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். கோடையில் குழுப் பயணங்களில் பெரும்பாலும் கடைசி ஆளாக வருவேன். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் நடக்கும் தவறுகள் எல்லாம் கண்ணில் படும் என்பதால், நான் சொல்லப்போவதில் பாதி அந்த இடத்திலிருந்து பார்த்துக் கற்றது. குதிரையேற்றப் பயிற்சியாளன் அல்ல. உங்கள் இருக்கையும் கைப்பிடியும் எப்படி இருக்கின்றன என்பதை உங்கள் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். என் அனுபவம் சியரா மலைகளைச் சார்ந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்திலோ மொன்டானா பக்கத்திலோ சில வழக்கங்கள் மாறும்.

போகலாமா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். குதிரையை நிறுத்த, திருப்ப, பின்னோக்கி இரண்டடி நகர்த்த, அது தலையைக் குனிந்து புல்லைக் கடிக்கப் போகும்போது தடுக்க உங்களால் முடிகிறதா? தொடர்ந்து மூன்று மணி நேரம் சேணத்தில் உட்கார்ந்து, இறங்கிய பிறகு நேராக நடக்க முடிகிறதா? பயிற்சித் திடலின் வேலிக்கு வெளியே ஒருமுறையாவது சவாரி செய்திருக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால், குழு நடை வேகத்திலேயே போகப்போகிறது என்றால், போகலாம். மூன்றாவதற்கு மட்டும் இல்லை என்றால், பயணத்துக்கு முன் தோழியோடு, அதே குதிரையில், பக்கத்துப் பூங்காவில் அரைநாள் போய்விட்டு வாருங்கள். வேலிக்குள் சாதுவாக இருக்கும் குதிரை திறந்த வெளியில் வேறு குதிரையாக இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி நாகரிகங்கள். இவற்றைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்தால் மலையில் மறந்துபோகும். எல்லாவற்றுக்கும் ஒரே வேர் இருக்கிறது. குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. கூட்டத்தில் இருந்தால்தான் உயிர் பிழைக்கும் என்று அதன் உடம்புக்குத் தெரியும். அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழ சுற்றுமுற்றும் முழுவதையும் பார்க்கிறது. நேர் பின்னாலும் மூக்குக்குக் கீழேயும் மட்டும் அதற்குக் குருட்டு இடம். ஒரு குதிரை ஓடினால் மற்றவை காரணம் கேட்பதில்லை. முதலில் ஓடும், பிறகுதான் எதற்காக ஓடினோம் என்று திரும்பிப் பார்க்கும். ஆகவே நீங்கள் உங்கள் குதிரையிடம் செய்வது எதுவும் உங்களோடு நிற்பதில்லை. நீங்கள் கொடுக்கும் ஒரு குதிகால் அழுத்தம் நாலாவது குதிரையில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கீழே தள்ளலாம். குழுப் பயணத்தின் மரியாதைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

அதனால்தான் "தொந்தரவாக இருக்கக் கூடாது" என்ற உங்கள் எண்ணம் எனக்குக் கொஞ்சம் கவலையைத் தருகிறது. நம் வளர்ப்பில், புதிய இடத்துக்குப் போனால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பண்பு. சேணம் நழுவுவது போலிருந்தாலும், வேகம் பயமாக இருந்தாலும், நம்மால் மற்றவர்கள் நிற்க வேண்டாமே என்று பொறுத்துக்கொண்டு போவோம். குதிரைப் பயணத்தில் அந்த மௌனம்தான் ஆபத்து. சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இறுக்கும் வார் தளர்ந்தால், "நில்லுங்கள், என் வயிற்றுவார் தளர்ந்திருக்கிறது" என்று உரக்கச் சொல்கிறவருக்காக எல்லாரும் இரண்டு நிமிடம் நிற்பார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சொல்லாமல் போய்ச் சேணத்தோடு குதிரையின் வயிற்றுக்கடியில் தொங்குகிறவருக்காக அன்றைய பயணமே முடிந்துவிடும். கிளம்புமுன், "நான் புதியவன், எனக்கு நடை வேகம் மட்டும்தான் வசதி" என்று குழுத் தலைவரிடம் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். குழுவில் மிகக் குறைந்த திறன் உள்ளவருக்கு எது பாதுகாப்போ அதுவே குழுவின் வேகம் என்பது பழகியவர்கள் எல்லாரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். அதை ஏற்காத குழு என்றால் நீங்கள் அதில் போக வேண்டாம்.

ஏறுவதிலிருந்தே தொடங்கலாம். எல்லாரும் ஏறி உட்காரும்வரை யாரும் நகரக் கூடாது. ஒருவர் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியில்) ஒரு காலை வைத்திருக்கும்போது மற்றக் குதிரைகள் கிளம்பினால், அவருடைய குதிரையும் அவரைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடும். இறங்கும் இடத்திலும் இதே கதைதான். சேணம் கட்டும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து நெஞ்சை விரித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்த பிறகு வார் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஒருமுறை இறங்கிச் சரிபார்ப்பது கட்டாயம். தலைவர் மறந்துவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஒற்றையடிப் பாதையில் இடைவெளி விடுவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். முன்குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் நடுவே குறைந்தது ஒரு குதிரையின் நீளம், சுமார் இரண்டரை மீட்டர், இருக்க வேண்டும். அளக்க எளிய வழி உண்டு: உங்கள் குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே பார்த்தால் முன்குதிரையின் பின்னங்கால் குளம்புகள் தெரிய வேண்டும். வால் மட்டும் தெரிந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உதை முன்குதிரையிடமிருந்து வரும். விழுவது உங்கள் முழங்காலிலோ உங்கள் குதிரையின் மார்பிலோ. காதைப் பின்னால் மடக்குவது, வாலைச் சுழற்றி அடிப்பது, பின்புறத்தை உங்கள் பக்கம் திருப்புவது எல்லாம் எச்சரிக்கை. அதே சமயம் அதிகம் பின்தங்கவும் கூடாது. இருபது மீட்டர் விட்டுவிட்டால் உங்கள் குதிரை கூட்டத்தைப் பிடிக்கத் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். அதன் ஓசை கேட்டு முன்னால் இருப்பவையும் பதறும்.

வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அந்தக் குதிரை உதைக்கும் என்பது அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்த குறி. பச்சை நாடா பழக்கம் போதாத குதிரையைக் குறிக்கும். மற்ற நிறங்களை நம்பாதீர்கள். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறது. நாடா இல்லாத குதிரை உதைக்காது என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டாம். முந்திச் செல்ல வேண்டியிருந்தால், பாதை அகலமான இடத்தில், "இடப்பக்கம் வருகிறேன்" என்று குரல் கொடுத்து, அவர் சரி என்ற பிறகு, நடையிலேயே கடந்து போங்கள். வேகத்தை மாற்றுவதும் அப்படித்தான். ட்ராட் என்னும் துள்ளுநடைக்கு மாறுமுன் முன்னாலிருப்பவர் கேட்க வேண்டும். கடைசி ஆளிடமிருந்து பதில் வந்த பிறகே மாற வேண்டும். உங்களிடம் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஓடைக்கு வருவோம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சாதாரண நாளில் ஒரு குதிரை 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயிலில் ஏறி இறங்கினால் இன்னும் அதிகம். உங்கள் குதிரை குடித்து முடித்ததும் நீங்கள் கரையேறி நடந்தால், இன்னும் குடிக்காத குதிரை தாகத்தை விட்டுவிட்டு உங்கள் பின்னால் வந்துவிடும். கூட்டத்தை இழக்கும் பயம் அதற்குத் தாகத்தைவிடப் பெரிது. தண்ணீர் போதாத குதிரையின் குடலில் தீனி இறுகி, கோலிக் எனப்படும் வயிற்றுவலி வரும். சாலையிலிருந்து ஒரு நாள் தொலைவில் அது உயிருக்கே ஆபத்து. கடைசிக் குதிரை தலையை உயர்த்தும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். ஓடையைக் கடக்கும்போதும் அக்கரையில் போதிய இடம் விட்டு நின்று, கடைசி ஆள் ஏறிய பிறகே நகர வேண்டும். இன்னொன்று: உங்கள் குதிரை தண்ணீரை முன்னங்காலால் அடித்து விளையாட ஆரம்பித்தால் ரசிக்காதீர்கள், குதிகாலால் அழுத்தி முன்னே நடத்துங்கள். அடுத்து அது படுத்து உருளப்போகிறது.

வழியில் நடைப்பயணிகள் எதிர்ப்படுவார்கள். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை சுமார் 4,265 கிலோமீட்டர் ஓடும் பசிபிக் க்ரெஸ்ட் பாதை சியரா வழியாகத்தான் போகிறது. கோடையில் முதுகுப்பை சுமந்தவர்கள் நிறைய வருவார்கள். குதிரைக்கு அந்த முதுகுப்பை, முதுகில் ஏதோ விலங்கு ஏறி உட்கார்ந்திருக்கும் விசித்திர உருவமாகத் தெரியலாம். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது இங்கே பொது விதி. ஆனால் விதி தெரியாதவர்மீது எரிந்துவிழுவது அநாகரிகம். "வணக்கம், கொஞ்சம் ஓரமாக நின்று எங்களோடு பேசிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேளுங்கள். குரல் கேட்டால் அது மனிதன்தான் என்று குதிரைக்குப் புரிந்துவிடும். அவர் மலைச்சரிவின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேசியப் பூங்காக்கள் பள்ளப்பக்கம் என்று சொல்கின்றன: மிரளும் குதிரை மனிதனை விட்டு மேட்டை நோக்கி விலகினால் சவாரி செய்பவர் உருண்டு விழ மாட்டார் என்பது காரணம். மேட்டுப்பக்கம் நிற்பதே நடப்பவருக்குப் பாதுகாப்பு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் பள்ளப்பக்கத்தைச் சரியென்று கருதுகிறேன். ஆனால் சரிவு செங்குத்தாக இருக்குமிடத்தில் நடப்பவருக்கு எங்கே கால் ஊன்ற முடிகிறதோ அங்கே நிற்கட்டும். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் உடம்பைக் காப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஹெல்மெட். மேற்கு மாநிலங்களில் அகலத் தொப்பிதான் மரபு. குழுவில் பாதிப் பேர் வெறும் தொப்பியோடு வரலாம். 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் கலந்துகொண்ட கோர்ட்னி கிங்-டை 2010-இல் ஹெல்மெட் இல்லாமல் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது குதிரை கால் இடறி விழுந்தது. மண்டையோடு உடைந்து வாரக்கணக்கில் கோமாவில் இருந்தார். உலகத் தரச் சவாரியாளருக்கு நேர்ந்தது அது. குதிரையேற்றத்துக்கென்றே செய்து ஏஎஸ்டிஎம் என்னும் தர அமைப்பின் விதிகளுக்கேற்பச் சான்று பெற்ற ஹெல்மெட் வாங்குங்கள். சைக்கிள் ஹெல்மெட் வேறு வகை விழுதலுக்காகச் செய்யப்பட்டது. கழுத்தை எந்த ஹெல்மெட்டும் காக்காது, ஆகவே அதை அணிந்துவிட்டோம் என்று துணிச்சலும் வேண்டாம். குதிகால் உள்ள காலணி அணியுங்கள். தட்டையான ஓட்டக் காலணி அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். கயிற்றை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். கைபேசியையும் உங்களுக்கு வேண்டிய மருந்தையும் சேணப்பையில் வைக்காமல் உங்கள் உடம்பிலேயே வைத்திருங்கள். நீங்கள் விழுந்து குதிரை ஓடினால் பை குதிரையோடு போய்விடும். மழைச்சட்டையைக் குதிரைமேல் இருந்தபடியே விரித்து உதறுவதும், செல்ஃபிக் குச்சியை நீட்டுவதும் வேண்டாம். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் சொல்லிவிட்டு, இறங்கிச் செய்யுங்கள்.

யாராவது விழுந்தால் எல்லாரும் அங்கேயே நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இறங்கி விழுந்தவரைப் பார்ப்பார். இன்னொருவர், அப்படி இறங்கியவருடைய குதிரையைப் பிடித்துக்கொள்வார். ஓடிப்போன குதிரையை யாரும் துரத்தக் கூடாது. துரத்தினால் அது ஓட்டப் பந்தயமாகிவிடும். கூட்டம் நின்றால் பெரும்பாலும் அதுவே திரும்பி வரும். உங்கள் குதிரையே மிரண்டு ஓடினால், ஒரு பக்கக் கடிவாளத்தை இழுத்து அதை வட்டமாகத் திருப்பி நிறுத்தும் முறையை உங்கள் ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார். திறந்த புல்வெளியில் அது நல்ல வழி. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான பாதையில் அப்படித் திருப்பினால் இருவரும் பள்ளத்தில் விழுவீர்கள். அங்கே நேராக உட்கார்ந்து, இரு கைகளாலும் கடிவாளத்தை இழுத்தும் தளர்த்தியும், முன்னே இருப்பவருக்குக் குரல் கொடுப்பதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பயம் வந்தால் இறங்கிவிடலாமா என்பதற்கும் ஒரே பதில் கிடையாது. குதிரை நிற்கிறது, உங்களால் அமைதியாக இறங்க முடிகிறது என்றால் முன்கூட்டியே இறங்கி நடத்திச் செல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அது குதித்துக்கொண்டிருக்கும்போது இறங்க முயல்வதுதான் கால்களை உடைக்கிறது. கோடையின் பிற்பகுதியில் தரைக்கடியில் கூடு கட்டும் மஞ்சள் குளவிகளையும் நினைவில் வையுங்கள். முதல் இரண்டு குதிரைகள் கூட்டை மிதித்துக் கிளப்பிவிட்டுப் போய்விடும். கொட்டு வாங்குவது மூன்றாவதும் நான்காவதும். "குளவி!" என்று யாராவது கத்தினால் மட்டும் நிற்கும் விதி பொருந்தாது. எல்லாரும் அந்த இடத்தை விட்டு வேகமாக முன்னே நகர வேண்டும்.

முகாமுக்கு வந்ததும் முதலில் குதிரைகள், பிறகு நாம். இறங்கியவுடன் கூடாரத்தை எடுத்துக்கொண்டு நல்ல இடம் பிடிக்க ஓடுகிறவரை யாரும் மறுமுறை அழைப்பதில்லை. சேணத்தை இறக்கி, முதுகையும் வார் பதிந்த இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ, தொட்டால் சுளிக்கும் இடமோ இருந்தால் உடனே உரியவரிடம் சொல்லுங்கள். குதிரையை மரத்தில் நேரடியாக இரவு முழுக்கக் கட்டக் கூடாது. அது வேரைத் தோண்டும், பட்டையைக் கடித்து உரிக்கும். பட்டை சுற்றிலும் உரிந்தால் மரம் பட்டுப்போகும். இரண்டு உறுதியான மரங்களில் அகலமான நாடாவைச் சுற்றி, தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு குதிரையின் தலைக்கயிற்றையும் தொங்கவிடுவார்கள். தலைக்கயிறு எவ்வளவு நீளம் என்பதில் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். குதிரை தரையில் கிடக்கும் தீனியை எட்ட வேண்டும், கயிறு காலைச் சுற்றும் அளவுக்குத் தொய்யக் கூடாது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் பயணத்துக்கு முன்பே வீட்டில் நாற்காலிக் காலில் போட்டுப் பழகுங்கள். கடிவாளத்தின் வாரை வைத்து எதிலும் கட்டாதீர்கள். குதிரை தலையை இழுத்தால் வாய் கிழிந்துவிடும்.

தீனி விஷயத்தில் மருத்துவனாகக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். இரக்கத்தில் யாருடைய குதிரைக்கும் எதையும் ஊட்டாதீர்கள், உங்களுக்குத் தந்த குதிரைக்கும் அப்படித்தான். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 9 கிலோ உலர்புல் போதும். அதன் குடல் திடீர் மாற்றத்தைத் தாங்காது. பயணம் தொடங்குமிடத்துக்கு வண்டியில் போகும்போது வழியில் நிற்பீர்கள். கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் அரளி நட்டிருக்கிறார்கள். நம் ஊர்க்காரருக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறிதளவு இலையே குதிரையைக் கொன்றுவிடும். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. ஆகவே நின்ற இடத்தில் குதிரையை இறக்கி நடத்தினால் அது எதை நோக்கி வாயை நீட்டுகிறது என்று பாருங்கள். ஒருவர் வாளியை இன்னொருவர் குதிரைக்கு வைக்காதீர்கள், இரண்டு குதிரைகளின் மூக்கை உரசவிட்டு "நண்பர்களாகிறார்கள்" என்று படமெடுக்காதீர்கள். சுவாச நோய்கள் அப்படித்தான் பரவுகின்றன. 2011-இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் ஒரு போட்டிக்குக் கூடிய குதிரைகளிடமிருந்து ஹெர்பிஸ் வகை வைரஸ் பல மேற்கு மாநிலங்களுக்குப் பரவி, குதிரைகள் இறந்தன. நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து ரத்தாயின. இரவில் ஒரு குதிரை தின்னாமல் நின்றாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் கீறிப் படுத்துப் படுத்து எழுந்தாலோ, அது யாருடையதானாலும், எந்நேரமானாலும் உரியவரை எழுப்புங்கள். அங்கே என்னைப் போன்ற மருத்துவன் வந்து சேர அரைநாள் ஆகும். சீக்கிரம் கவனித்ததால் பிழைத்த குதிரைகள் பல உண்டு.

சியராவில் இருப்பவை கருங்கரடிகள். உங்கள் சாப்பாடு, பற்பசை, குதிரையின் தானியம் மூன்றுமே அவற்றுக்கு விருந்து. பல பகுதிகளில் கரடியால் திறக்க முடியாத பெட்டி சட்டப்படி கட்டாயம். நள்ளிரவில் முகாமுக்குள் கரடி வந்தால் கட்டியிருக்கும் குதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்க்கும்.

இடத்தைப் பற்றிய மரியாதையும் உண்டு, அதைச் சிறு விஷயமாக நினைக்க வேண்டாம். குதிரைகளைக் கட்டுமிடமும் உங்கள் கழிப்பிடமும் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சாணத்தைக் காட்டுக்குள் உதறிப் பரப்ப வேண்டும். பயணம் தொடங்கும் இடத்தில் விழுந்ததை அள்ளி ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். குதிரைகள் தோண்டிய குழிகளை மூடுங்கள். பல தேசிய வனங்களில் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்ற உலர்புல்லை மட்டுமே அனுமதிக்கிறார்கள். ஈரம் காயாத புல்வெளியில் மேயவிட, குறிப்பிட்ட நாள் வரும்வரை தடை இருக்கலாம். ஜான் மியூர் வனப்பகுதி போன்ற இடங்களில் ஒரு குழுவுக்கு 15 பேர், 25 விலங்குகள் என்ற வரம்பும் உண்டு. இந்தக் கட்டுப்பாடுகள் காரணமில்லாமல் வந்தவை அல்ல. குதிரைகளும் கோவேறு கழுதைகளும் புல்வெளிகளைக் கெடுக்கின்றன என்று நடைப்பயணிகள் நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. குதிரைக்காரர்களே 1973-இல் மொன்டானாவில் பேக்கன்ட்ரி ஹார்ஸ்மென் என்ற அமைப்பைத் தொடங்கி, பாதைகளைச் சீராக்கி, விழுந்த மரங்களை வெட்டி அகற்றி, தங்கள் உரிமையைத் தங்கள் உழைப்பால் காத்துவருகிறார்கள். நீங்கள் விட்டுவரும் முகாம் அடுத்து வருகிறவர்களுக்கும் இந்தப் பாதை திறந்திருக்குமா என்பதைப் பாதிக்கிறது.

மனிதர்களுக்கிடையே உள்ள வழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாயைக் கேட்காமல் அழைத்து வராதீர்கள். குதிரைகளுக்குத் தண்ணீரும் தீனியும் காட்டிக் கட்டி முடிக்கும்வரை மது வேண்டாம். மறுநாள் காலை சேணம் கட்டுமுன் தலை தெளிந்திருக்க வேண்டும். சைவ உணவு பற்றிக் கேட்டிருந்தீர்கள்: பொதுச் சமையல் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், உங்களுக்குப் போதுமானதை நீங்களும் கொண்டுபோங்கள். எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் முதல் நாளுக்குத் தாங்கும், அதைப் பகிர்ந்தால் மகிழ்வார்கள். விடியற்காலையில் கிளம்பும் நேரம் சொல்லியிருந்தால் அந்நேரத்துக்கு நீங்கள் ஏறியிருக்க வேண்டும். ஆகஸ்டில் மதியத்துக்குப் பிறகு இடியும் மின்னலும் வருவது சியராவில் சகஜம். உயரமான கணவாயை அதற்குமுன் கடப்பதற்காகத்தான் அந்த அவசரம்.

இன்னும் நாட்கள் இருக்கும்போதே தோழியிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. இவற்றைக் கேட்பதை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், கேட்கவில்லையென்றால்தான் யோசிப்பார். இந்தக் குதிரை இதற்குமுன் குழுவில் போயிருக்கிறதா, இரவு முழுக்க உயரக் கயிற்றில் கட்டப்பட்டு நின்று பழகியிருக்கிறதா? அது உதைக்குமா, எதைக் கண்டால் மிரளும்? வரிசையில் முன்னால் போக விரும்புமா, பின்னாலா? தண்ணீரைத் தயங்காமல் கடக்குமா? கடைசியாக எப்போது லாடம் அடித்தார்கள், இந்தக் கோடையில் அது எவ்வளவு வேலை செய்திருக்கிறது? திடலில் சும்மா நின்ற குதிரையை 3,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுபோவது அதற்குக் கொடுமை, உங்களுக்கு ஆபத்து. உங்கள் எடையையும் தயங்காமல் சொல்லுங்கள். சவாரி செய்பவர், சேணம், பைகள் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 2008-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வும் அந்த அளவையே ஆதரித்தது. ஆனால் அது எட்டே குதிரைகளை வைத்துச் செய்தது, திடலில் செய்தது. மலையேற்றத்துக்கு நான் இன்னும் குறைவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடந்தால் குதிரையின் முதுகுக்கும் உங்கள் முழங்காலுக்கும் நல்லது.

குதிரையைப் பற்றித் தோழி சொல்லும் பதில்கள் உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால், வேறு குதிரை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் முகாமுக்கு வண்டியில் வந்து சேரக்கூடிய இடமாகப் பார்த்து, இந்த முறை சமையலுக்கும் குதிரைப் பராமரிப்புக்கும் உதவியாக வருகிறேன் என்று சொல்லுங்கள். அப்படி வந்தவர்களை அடுத்த கோடையில் முதலில் அழைப்பார்கள். குதிரையின் வயதும், பயணம் தொடங்கும் இடமும், ஒரு நாளைக்கு எத்தனை மைல் என்பதும் தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள்; அந்தப் பாதை எனக்குப் பழக்கமானதாக இருந்தால், எங்கே இறங்கி நடக்க வேண்டும், எந்த ஓடையில் தண்ணீர் காட்டலாம் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.